பீகிள் குட்டியை முயல் தடத்தில் விடுவது: பட்டியா, திறந்த நிலமா, மூத்த நாயோடா, தனியாகவா?

அமெரிக்காவின் கிழக்கு, தெற்கு மாநிலங்களில் முயல் வேட்டைக்கென்று பீகிள் இன நாய்க்குட்டி வாங்கியவர், குட்டிக்கு நாலு மாதம் ஆகும்போது ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். முதல் முயலை அதற்கு எங்கே, யாரோடு காட்டுவது? வழிகள் நான்கு. வீட்டுப் புல்வெளியில் முயல் வாசனையை இழுத்துத் தடம் போட்டுப் பழக்கலாம். கம்பி வலை அடைத்த முயல் பட்டிக்குக் கூட்டிப் போகலாம். தேர்ந்த மூத்த நாயின் பின்னால் விடலாம். திறந்த நிலத்தில் தனியாக இறக்கிவிட்டு, தானே கண்டுபிடிக்கட்டும் என்று காத்திருக்கலாம். நான்கு வழியிலும் அருமையான நாய்கள் வந்திருக்கின்றன, வீணாய்ப் போன நாய்களும் வந்திருக்கின்றன. ஏனென்றால் ஒவ்வொரு வழியும் தனக்கே உரிய ஒரு குறையை நாய்க்குள் விதைத்துவிடும். எந்தக் குறையை உங்களால் பின்னால் களைய முடியும் என்று பார்த்துத்தான் வழியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

கன்னி, சிப்பிப்பாறை நாய்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் முதலில் ஒரு பழக்கத்தை மனசிலிருந்து எடுத்துவிட வேண்டும். அவை கண்ணால் பார்த்துத் துரத்துபவை; ஓடிப் பிடிப்பதுதான் அவற்றின் வேலை. பீகிள் மூக்கால் வேலை செய்வது. முயலைப் பிடிக்க வேண்டிய அவசியமே அதற்கு இல்லை. இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் வேட்டை குற்றம் என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். கீழே உள்ளது எல்லாம் அமெரிக்காவில், உரிமம் எடுத்து, பருவத்தில், நில உரிமையாளரின் அனுமதியோடு செய்யும் வேட்டைக்கு மட்டுமே.

அங்கே வேட்டை பெரும்பாலும் காட்டன்டெயில் என்னும் வெள்ளைவால் முயலுக்குத்தான். அது நீண்ட தூரம் ஓடாது. அதன் வாழிடம் பெரும்பாலும் பத்து ஏக்கருக்குள் அடங்கிவிடும். கிளப்பிவிட்டால் தனக்குத் தெரிந்த புதர், வேலியோரம், நீரோடைக் கரை என்று ஒரு வட்டம் அடித்து, எழும்பிய இடத்தின் பக்கமாகவே திரும்பி வரும். பீகிள் பின்னால் மெதுவாகக் குரல் கொடுத்துக்கொண்டே தடத்தை விடாமல் வர, வட்டம் அடித்து வரும் முயலைச் சுட வேட்டைக்காரர் கிளப்பிய இடத்திலேயே அசையாமல் நிற்பார். நாய் வேகமாக நெருக்கினால் முயல் வட்டத்தை முடிக்காமல் கிரவுண்ட்ஹாக் என்னும் பெரிய அணில் வகை விலங்கு தோண்டி வைத்த வளைக்குள் இறங்கிவிடும். அன்றைய ஓட்டம் அதோடு முடிந்தது. ஆகவே இங்கே வேகத்துக்கு மதிப்பு குறைவு. தடத்தை விடாத மூக்கு, தடம் இருக்கும்போது மட்டும் வரும் குரல், தடம் அறுந்தால் கலங்காத பொறுமை, இந்த மூன்றும்தான் வேண்டும்.

இந்த மூன்றில் கடைசியானதைத்தான் கற்றுத் தருவது கடினம், அதில்தான் நான்கு வழிகளும் பிரிகின்றன. தடம் அறும் அந்தக் கணத்தைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்ப்போம். முயல் மாட்டுத் தடத்தில் இருபது மீட்டர் ஓடுகிறது. சட்டென்று நின்று, தான் வந்த தடத்தின் மேலேயே பத்து மீட்டர் திரும்பி வருகிறது. அங்கிருந்து பக்கவாட்டில் ஒரே தாவு, பிளாக்பெர்ரி முள்ளுக்குள். பின்னால் குரல் கொடுத்து வரும் குட்டி, முயல் திரும்பிய முனைவரை போய், ஐந்தாறு மீட்டர் தாண்டியும் ஓடிவிடுகிறது. குரல் நிற்கிறது. வால் ஆட்டம் மாறுகிறது. நல்ல குட்டி உடனே தலையைக் கீழே போட்டுக்கொண்டு, கடைசியாக மோப்பம் கிடைத்த இடத்துக்குத் திரும்பி, அங்கிருந்து சின்ன வட்டம் போடும். கிடைக்காவிட்டால் கொஞ்சம் பெரிய வட்டம். தாவிய இடத்தில் மூக்கு பட்டதும் வால் வெடவெடவென்று அடிக்கும், பிறகுதான் குரல் வரும். பழக்கம் தவறிய குட்டி இதே இடத்தில் மூன்றில் ஒன்றைச் செய்யும்: தலையைத் தூக்கி எதையாவது பார்க்கத் தேடும், அல்லது ஐம்பது மீட்டர் முன்னால் பாயும், அல்லது தடமே இல்லாமல் குரைக்கும். எந்த வழியில் பழக்கினாலும் குட்டியை எடைபோட வேண்டியது இந்த அரை நிமிடத்தில்தான்.

வாசனைத் தடம் இழுப்பது

நான்கில் செலவு மிகக் குறைந்தது இது. எட்டு வார வயதிலிருந்து நாலு மாதம் வரை, தடுப்பூசிகள் முடிந்து வெளி நிலத்துக்குக் கூட்டிப் போகும்வரை, வீட்டுப் புல்வெளியே போதும். இரண்டு மூன்று மீட்டர் நீளக் கம்பின் நுனியில் நூல் கட்டி, அதில் முயல் தோலையோ கடையில் விற்கும் முயல் வாசனைத் திரவம் நனைத்த துணியையோ தொங்கவிட்டு இழுக்க வேண்டும். கம்பு ஏன் என்றால், தோலைக் காலுக்குப் பின்னால் இழுத்தால் குட்டி உங்கள் செருப்பு வாசனையைப் பின்தொடரக் கற்றுக்கொள்ளும். முதல் வாரம் நேர்கோட்டில் முப்பது மீட்டர், பத்து நிமிடம் ஆறவிட்டு, முடிவில் ஒரு துண்டு கோழி. அடுத்து நூறு மீட்டரில் ஒரு வளைவு. மூன்றாவது கட்டத்தில் நடுவே மூன்று மீட்டர் தூரத்துக்குக் கம்பைத் தூக்கிவிட்டு மறுபடி இறக்குங்கள்; அறுந்த தடத்தைத் தேடுவதன் முதல் பாடம் அதுதான். வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு இரண்டு தடம், அதற்கு மேல் வேண்டாம். அலுப்பு தட்டினால் மூக்கு வேலையே குட்டிக்குக் கசந்துவிடும்.

உண்மையான தோல் பயன்படுத்துபவர் ரப்பர் கையுறை இல்லாமல் தொடக்கூடாது. காட்டு முயல்கள் வழியாக துலரீமியா என்ற பாக்டீரியா நோய் மனிதருக்குப் பரவும். உறைபெட்டியில் வைத்தாலும் அந்தக் கிருமி சாவதில்லை. குழந்தைகள் ஓடியாடும் வீட்டில் திரவமே நல்லது.

இந்த வழியின் எல்லை சீக்கிரமே வந்துவிடும். இழுத்த தடம் திரும்பி வராது, தாவாது, வளைக்குள் இறங்காது. ஓடும் முயலின் பயமும் சூடும் அதில் இல்லை. நாலரை மாதத்துக்கு மேல் இதையே தொடர்ந்தால், ‘முடிவில் கோழித்துண்டு கிடைக்கும்’ என்பதற்காக வேலை செய்யும் நாய்தான் மிஞ்சும். மூக்கைக் கீழே போட வைப்பதோடு இதன் பங்கு முடிந்தது.

கூண்டில் வளர்த்த வீட்டு முயலைப் புல்லில் விட்டுக் குட்டியைத் துரத்த விடுவதும் ஒரு வழியாகச் சொல்லப்படுகிறது. நாங்கள் அதை ஒப்பீட்டிலேயே சேர்க்கவில்லை. வீட்டு முயல் ஓடத் தெரியாமல் உறைந்து உட்காரும், குட்டி அதைக் கடித்துக் குதறும். ஒரு உயிர் வீணாகப் போவதோடு, ‘கண்ணால் பார், பாய், கடி’ என்ற தவறான பாடத்தையும் முதல் நாளிலேயே கற்றுக் கொடுத்துவிடும்.

முயல் பட்டி

ஒன்று முதல் சில ஏக்கர் நிலத்தை வேலி அடைத்து, உள்ளே காட்டன்டெயில் முயல்களை விட்டு வளர்ப்பதுதான் பட்டி. பீகிள் சங்கங்கள் பலவற்றுக்குச் சொந்தப் பட்டி உண்டு. கட்டணத்துக்கு விடும் தனியார் பட்டிகளும் உண்டு. சொந்தமாகப் போட நினைப்பவர், காட்டு முயலைப் பிடித்து அடைக்க மாநில வனவிலங்குத் துறையின் அனுமதி வேண்டுமா என்று முதலில் கேட்க வேண்டும். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும். 2020இல் தென்மேற்கு மாநிலங்களின் காட்டு முயல்களிடையே முயல் ரத்தக்கசிவு நோய் பரவியதிலிருந்து, முயல்களை ஊர்விட்டு ஊர் கொண்டுபோவதில் கூடுதல் கவனம் தேவைப்படுகிறது.

பட்டியின் பெரிய நன்மை எண்ணிக்கை. திறந்த நிலத்தில் ஒரு காலையில் ஒரு முயலையும் பார்க்காமல் திரும்பும் நாள் உண்டு. பட்டியில் அரை மணி நேரத்தில் மூன்று ஓட்டம் கிடைக்கும். மான் இல்லை, சாலை இல்லை, குட்டி தொலையாது, பொறி வைத்த இடமும் இருக்காது. வேலைக்குப் போகிறவர் மாலை ஒரு மணி நேரத்தில் குட்டியை ஓடவிட்டு வந்துவிடலாம். ஐந்து மாதக் குட்டிக்கு முயல் என்றால் என்ன என்று காட்டுவதற்கு இதைவிடச் சீக்கிரமான வழி இல்லை.

நல்ல பட்டியை வேலியைப் பார்த்தே சொல்லிவிடலாம். நாலு அடி உயரத்துக்காவது நெய்த கம்பி. கீழ் இரண்டு அடிக்கு ஒரு அங்குலக் கண்ணுள்ள கோழிவலை, இல்லாவிட்டால் முயல் குட்டிகள் கம்பி இடுக்கில் வெளியேறிவிடும். அந்த வலை தரையோடு நிற்காமல் ஒரு அடியாவது மடங்கிப் புல்லுக்குள் படுத்திருக்க வேண்டும். நின்ற இடத்திலேயே வெட்டிவிட்டால் நாயும் தோண்டும், நரியும் தோண்டும். மேலே ஒரு மின்கம்பி இருந்தால் ரக்கூன் ஏறாது. உள்ளே பார்க்க வேண்டியவை வேறு: பத்துப் பதினைந்து எட்டுக்கு ஒரு விறகுக் குவியலோ ஆறு அங்குலக் குழாயோ இருக்கிறதா? முயல் புகுந்துகொள்ளவும் நாய் புகாமல் இருக்கவும் அந்த அளவு சரி. ஒளிய இடமில்லாத பட்டியில் குட்டி முயலைப் பிடித்துவிடும். அப்படிப் பிடிக்கும் பட்டிக்கு இரண்டாவது முறை போகாதீர்கள். முயல் எண்ணிக்கையும் அளவோடு இருக்க வேண்டும். எங்கள் கணக்கில் ஏக்கருக்கு மூன்று நாலு முயல் போதும். நெரிசலாக இருந்தால், குட்டி ஒரு முயலின் தடத்தில் போகும்போதே இன்னொன்று குறுக்கே ஓடும். தடம் அறுந்தால் தேடுவானேன், நாலு அடி தள்ளி வேறு முயல் இருக்கிறதே என்ற எண்ணம் அதற்கு வந்துவிடும்.

பட்டி விதைக்கும் குறை அதுதான். மண்ணெங்கும் முயல் வாசனை ஊறிக் கிடப்பதால், சில குட்டிகள் நடக்கும் ஒவ்வொரு அடிக்கும் குரல் கொடுக்கப் பழகிவிடும். இன்னொரு குறை, பட்டி முயல்கள் புத்திசாலிகளாகிவிடுவது. நாள்தோறும் நாய்கள் வந்து போவதால், வெட்டிவிட்ட பாதையிலேயே நாலு சுற்று ஓடிவிட்டுக் குழாய்க்குள் போகும். குட்டியும் பாதையைக் கண்ணால் பார்த்தே ஓடக் கற்றுக்கொள்ளும். பட்டியில் பிரமாதமாக ஓடிய நாய் திறந்த காட்டில் பேந்தப் பேந்த விழிப்பதற்குக் காரணம் இந்த இரண்டும்தான். ஆகவே ஆறு முதல் பத்து முறை, ஒவ்வொரு முறையும் இருபது முப்பது நிமிடம். கண்ணால் பார்க்காமல், தொடர்ந்து குரல் கொடுத்து ஒரு நூறு மீட்டர் தடத்தைக் குட்டி கொண்டுபோன அன்றே பட்டிக்கு விடைகொடுங்கள். இன்னும் நன்றாக வரட்டும் என்று இரண்டு மாதம் நீட்டுவதுதான் பலரும் செய்யும் தவறு.

மூத்த நாயின் பின்னால்

தாத்தா காலத்திலிருந்து வரும் வழி இது. குட்டிக்குத் தைரியம் கொடுக்கும், முள்ளுக்குள் நுழையக் கற்றுத் தரும், முயலை எங்கே தேடுவது என்று காட்டும். கூச்ச சுபாவமுள்ள குட்டிக்கு இதைவிட நல்ல மருந்து கிடையாது. ஆறு மாதமாகியும் உங்கள் காலைச் சுற்றியே நடக்கும் குட்டியை ஒரு நிதானமான மூத்த பெட்டையோடு இரண்டு காலை விட்டால், மூன்றாவது காலை அது தானாகப் புதருக்குள் போய்விடும்.

எல்லாம் அந்த மூத்த நாயைப் பொறுத்தது. கூட்டமாக நாலைந்து நாயோடு விடக்கூடாது, ஒன்றே ஒன்றுதான். அது வேகமாக ஓடும் நாயாக இருக்கக்கூடாது. ஐந்து மாதக் குட்டியால் ஈடுகொடுக்க முடியாமல் போனால், தடத்தை விட்டுவிட்டுக் குறுக்கே ஓடி முந்தப் பார்க்கும். அந்தக் குறுக்குப் புத்தி ஒட்டிக்கொண்டால் போகாது. மானைத் துரத்தும் நாயாக இருக்கவே கூடாது. ஒரே காலையில் குட்டியும் கற்றுக்கொள்ளும். உறுமும், கடிக்கும் நாயும் வேண்டாம். ஏழெட்டு வயதான, தடம் அறுந்தால் அதே இடத்தில் நின்று தேடும் நாய் ஒன்று நண்பரிடம் இருந்தால் மட்டுமே இந்த வழியை எண்ணிப் பாருங்கள்.

இதன் குறை கண்ணுக்குத் தெரியாமல் வளரும், அதனால்தான் மோசம். குட்டி ஓடுகிறது, குரல் கொடுக்கிறது, பார்ப்பவருக்கு வேட்டை நாய் மாதிரியே தெரியும். உண்மையில் அது முயலைப் பின்தொடரவில்லை, மூத்த நாயைப் பின்தொடர்கிறது. கண்டுபிடிக்க இரண்டு அடையாளம் உண்டு. குட்டியின் குரல் எப்போதும் மூத்தது குரல் கொடுத்த பிறகே வரும். தடம் அறுந்த இடத்தில் குட்டி தரையைப் பார்க்காது, மூத்ததன் முகத்தைப் பார்க்கும். இந்த இரண்டையும் ஒரே ஓட்டத்தில் பார்த்தால், அடுத்த முறை தடம் அறும்போது மூத்ததைச் சங்கிலியில் பிடித்துத் தூரமாகக் கொண்டுபோய்விடுங்கள். குட்டி தனியாக நின்று திணறட்டும். பத்து நிமிடத்தில் அது தேடத் தொடங்காமல் உங்களிடமே திரும்பி வந்தால், இந்த வழியில் அது கற்றது ஒன்றுமில்லை. அதைத் தனியாக விட வேண்டிய நேரம் வந்துவிட்டது. எப்படியும் ஐந்து ஓட்டத்துக்கு மேல் மூத்ததோடு விட வேண்டாம்.

திறந்த நிலத்தில் தனியாக

நாங்கள் முதன்மையாகச் சொல்வது இதைத்தான். மெதுவானது, சலிப்பானது, முதல் பத்துக் காலையில் குட்டி வாயே திறக்காமல் போகலாம். ஆனால் இந்த வழியில் கற்றது நாயின் சொந்தச் சொத்து. பார்த்துப் பழக வேறு நாய் இல்லை, குறுக்கே ஓட இன்னொரு முயல் இல்லை. அறுந்த தடத்தைத் தானே ஒட்டவைத்தால்தான் ஓட்டம் தொடரும்.

முதலில் நிலம். வயலும் காடும் சேரும் ஓரம், பிளாக்பெர்ரி முள், காட்டு ரோஜாப் புதர், ஹனிசக்கிள் கொடி மூடிய வேலி, வெட்டிப்போட்ட மரக்கிளைக் குவியல், இவைதான் காட்டன்டெயில் பகலில் படுக்கும் இடம். அது தானாக வளை தோண்டுவதில்லை, புல்லை அமுக்கி ஒரு குழி போட்டுப் படுத்திருக்கும். மணி மணியாய்ப் புழுக்கையும், கத்தியால் சாய்வாகச் சீவினாற்போல் கடிபட்ட இளங்கிளைகளும் இருந்தால் முயல் உண்டு என்று பொருள். சாலையிலிருந்து தள்ளிய இடமாக இருக்க வேண்டும். மோப்பம் பிடித்த பீகிளுக்குக் கார் சத்தம் காதில் விழாது.

அடுத்து நாள். ஈரமான, காற்றில்லாத, மேகமூட்டமான காலை தொடக்கக் குட்டிக்கு வரப்பிரசாதம். இரவு பனி உறைந்திருந்தால் விடியலில் போகாமல், வெயில் பட்டுப் பனி இளகும்வரை காத்திருங்கள். இளகும்போது தரை மோப்பத்தை வெளிவிடும். காய்ந்த சருகு, உழுத மண், சரளைச் சாலை, வறண்ட காற்று, இவற்றில் தேர்ந்த நாயே திணறும். கெட்ட நாளில் நாலு முறை தோற்ற குட்டி, ‘தேடினாலும் கிடைக்காது’ என்று முடிவுகட்டிவிடும். முதல் மாதம் நல்ல நாளாகப் பார்த்து மட்டும் போங்கள். கோடையென்றால் விடிந்து இரண்டு மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும். வெப்பம் 25 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் அன்று ஓட்டமே வேண்டாம். ஓட்ட வெறியில் இருக்கும் குட்டி விழும்வரை நிற்காது.

போனதும் முயலை நீங்களே கிளப்ப வேண்டும். குட்டியிடம் அந்த வேலையை முதலிலேயே எதிர்பார்க்காதீர்கள். குச்சியால் புதரைத் தட்டி, காலால் கிளைக் குவியலை மிதித்துப் பாருங்கள். முயல் எழும்பியதும் பெரும்பாலோர் செய்யும் தவறு, குட்டியைத் தூக்கிக் காட்டித் துரத்த விடுவது. முதல் இரண்டு முறை, ஆர்வம் மூட்ட, அது சரி. பல குட்டிகளுக்கு முதல் குரல் வருவதே முயலைக் கண்ணால் பார்த்தபோதுதான். மூன்றாவது முறையிலிருந்து குட்டியைப் பிடித்துக்கொள்ளுங்கள். முயல் மறைந்து ஒரு நிமிடம் போகட்டும். அது ஓடிய இடத்தை ஒரு கல், ஒரு செடி என்று கண்ணால் குறித்துக்கொண்டு, குட்டியை அங்கே கொண்டுபோய், முயல் போன திசைக்கு முகம் திருப்பி, தரையில் விரலால் தட்டி ‘டாலிஹோ, டாலிஹோ’ என்று கூப்பிடுங்கள். பீகிள்காரர்கள் முயலைப் பார்த்தேன் என்று சொல்லும் சத்தம் அது. ‘இந்தச் சத்தம் வந்தால் அங்கே தடம் உண்டு’ என்று நாய் வாழ்நாள் முழுக்க நம்ப வேண்டும். அதனால் தடம் இல்லாத இடத்தில் ஒருமுறைகூட அப்படிக் கூப்பிடக்கூடாது.

திசை தவறினால் குட்டி முயல் வந்த வழியே பின்னோக்கி ஓடும். அதுவும் தடம்தான், மோப்பமும் கிடைக்கும், குரலும் கொடுக்கும், ஆனால் போகப் போக வாசனை ஆறிக்கொண்டே போகும். அப்படி ஓடினால் பின்னாலிருந்து கத்தாமல், நடந்து போய்த் தூக்கி, சரியான முனையில் மறுபடி வையுங்கள். இரண்டு மூன்று முறை தானாகவே திசையைத் திருத்திக்கொள்ளும் குட்டி கிடைத்தால் அதைப் பொன்போல வைத்துக்கொள்ளலாம்.

தடம் அறுந்ததும் என்ன செய்ய வேண்டும் என்பதில்தான் இந்த வழி வெல்வதும் தோற்பதும். நில்லுங்கள். பத்து நிமிடம் அசையாமல் நில்லுங்கள். நீங்கள் உள்ளே நடந்தால் உங்கள் பூட்ஸ் வாசனை முயல் தடத்தின் மேல் படியும்; அதைவிட மோசம், குட்டி ‘தடம் போனால் அவர் வந்து காட்டுவார்’ என்று கற்றுக்கொள்ளும். அது தேடிக்கொண்டிருக்கும்வரை, ஒரு மணி நேரமானாலும், விட்டுவிடுங்கள். தேடுவதை நிறுத்திப் புல் மேயவோ உங்களிடம் வரவோ தொடங்கினால் மட்டும் போய்க் கூட்டிக்கொண்டு அடுத்த புதருக்கு நகருங்கள். திட்டவும் வேண்டாம், கொஞ்சவும் வேண்டாம்.

இந்த வழியின் குறை, குட்டி முயலை விட்டு மானைத் துரத்திப் போவது. பட்டியில் இல்லாத ஆபத்து இங்கே ஒவ்வொரு காலையும் உண்டு. ஜி.பி.எஸ். கழுத்துப்பட்டை இல்லாமல் திறந்த நிலத்தில் குட்டியை விடவே கூடாது என்பது எங்கள் உறுதியான எண்ணம். அது நாய் தொலையாமல் காப்பது மட்டுமல்ல, எதைத் துரத்துகிறது என்றும் திரையில் காட்டும். வளைந்து வளைந்து, நின்று நின்று, தொடங்கிய இடத்துக்கே சுற்றி வந்தால் முயல். நேர்கோட்டில், நிற்காமல், அரை மைல் தாண்டிப் போனால் பெரும்பாலும் மான். மின் அதிர்வுப் பட்டையை நாடுபவர்கள் இரண்டு விதியை மீறக்கூடாது: கூப்பிட்டால் வரத் தெரிந்த நாய்க்கு மட்டும், மானை உங்கள் கண்ணால் பார்த்த பிறகு மட்டும். சந்தேகத்தில் பொத்தானை அழுத்தி, அது உண்மையில் முயல் தடத்தில் இருந்திருந்தால், ஆறு மாத உழைப்பு ஒரு நொடியில் போய்விடும். அதற்குப் பிறகு அந்தக் குட்டி முயல் வாசனை வந்தாலே வாலை மடக்கிக்கொண்டு நிற்கும்.

யாருக்கு எது

நிலமும் நேரமும் இருப்பவருக்கு: வாசனைத் தடம் நாலு மாதம் வரை, பிறகு நேராகத் திறந்த நிலத்தில் தனியாக. துடிப்பான குட்டியென்றால் பட்டியே தேவையில்லை.

நகரத்தில் இருந்துகொண்டு வாரம் ஒரு நாள் மட்டும் வெளியே போக முடிகிறவருக்குப் பட்டி இல்லாமல் முடியாது. வாரம் ஒரு முயலைப் பார்க்கும் குட்டி ஒரு வருடமானாலும் தேறாது. ஆனால் மேலே சொன்ன அளவில் நிறுத்தி, அந்தப் பருவத்திலேயே திறந்த நிலத்துக்கு மாற்ற வேண்டும். பட்டியில் ஒவ்வொரு அடிக்கும் குரைக்கத் தொடங்கிய குட்டியை ஒரு மாதம் முழுசாக ஓய்வில் வைத்துவிட்டு, முயல் குறைந்த நிலத்தில் தனியாக விட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். குரலில் உண்மை இல்லாத நாயை மற்ற நாய்களோடு சேர்த்தால் கூட்டமே கெடும்.

கூச்சமான குட்டிக்கு மட்டும் மூத்த நாய். அதுவும் வாடகைக்கு அல்ல, ஓட்டத்தில் நீங்களே பார்த்த நாயாக இருக்கட்டும்.

குட்டியின் பரம்பரையும் முடிவை மாற்றும். அமெரிக்கக் கென்னல் கிளப் பதின்மூன்று அங்குலத்துக்கு உட்பட்டது, பதின்மூன்றுக்கு மேல் பதினைந்து வரை என்று பீகிளை உயரத்தால் இரண்டாகப் பிரிக்கிறது. வேட்டைக்கு அதைவிட முக்கியம் வேகப் பரம்பரை. போட்டிக்காக மிக மெதுவாக நடக்க வளர்த்த வரிசைக் குட்டிக்குப் பட்டி கெடுதல் செய்வது குறைவு. வேகமான துப்பாக்கி வேட்டை வரிசைக் குட்டிக்குப் பட்டியில் பார்த்துத் துரத்தும் பழக்கம் சட்டென்று ஒட்டும், அதைச் சீக்கிரம் வெளியே கொண்டுவந்துவிடுங்கள். கண்காட்சி வரிசைக் குட்டியில் மூக்கு இருக்கலாம், வேட்கை இருக்குமா என்பது ஆறு மாதத்துக்குப் பிறகே தெரியும்.

துப்பாக்கிச் சத்தம் நான்கு வழிக்கும் பொது. குட்டி முழுக் குரலில் தடத்தில் இருக்கும்போது மட்டும், நூறு மீட்டர் தள்ளி விளையாட்டுத் துப்பாக்கியின் பொட்டு வெடி. காதை அசைக்காமல் ஓடினால் இரண்டு மூன்று வாரத்தில் படிப்படியாக நெருங்கலாம், பிறகு 0.22 வெற்றுத் தோட்டா, அதன் பிறகே 20 கேஜ் வேட்டைத் துப்பாக்கி. சும்மா நிற்கும் குட்டியின் தலைக்கு மேல் ‘பயப்படுகிறதா பார்ப்போம்’ என்று சுடுவது குட்டியைக் கெடுப்பதற்கு உறுதியான வழி. ஜூலை 4, அமெரிக்கச் சுதந்திர தின வாணவேடிக்கை நாட்களில் அதை வீட்டுக்குள், சத்தம் கேட்காத அறையில் வையுங்கள்.

முதல் முயலைச் சுடும்போது முதல் வட்டத்தில் சுட வேண்டாம். குட்டி ஒரு வட்டம் முழுசாகத் தடம் கொண்டுவரட்டும், இரண்டாவது வட்டத்தில், நாய் ஐம்பது மீட்டராவது பின்னால் இருக்கும்போது சுடுங்கள். விழுந்த முயலை உடனே எடுத்துவிடாதீர்கள். குட்டி தடத்திலேயே வந்து அதைக் கண்டடைந்து, ஒரு நிமிடம் மோந்து பார்க்கட்டும். குடலை மட்டும் தின்ன விடாதீர்கள். முயலின் குடலைச் சுற்றியும் ஈரலிலும் இருக்கும் நாடாப்புழுக் குஞ்சுகள் நாய்க்கு அப்படித்தான் வரும். முயலை அறுக்கும்போது கையுறை, கறியை நன்றாக வேகவைப்பது, வீடு திரும்பியதும் குட்டியின் காது மடல், விரலிடுக்கு, அக்குள் எல்லாம் விரித்து உண்ணி பார்ப்பது, இவையும் அந்த நாளின் வேலைதான்.

தனியாகப் பத்து முயலை, பாதியிலாவது அறுந்த தடத்தைத் தானே ஒட்டி, வட்டம் முடித்துக் கொண்டுவந்த பிறகு அதை இன்னொரு நாயோடு சேர்க்கலாம். தன் வேகத்தையே ஒத்த நாயாகப் பாருங்கள். முதல் நாள் இரண்டையும் வேறு வேறு புதரில் விட்டு, எது முயலைக் கிளப்புகிறதோ அதன் குரலுக்கு மற்றது வந்து சேரும்படி செய்யுங்கள். வந்து சேர்ந்த குட்டி, குரல் கொடுக்கும் முன் தானும் தரையில் மூக்கை வைத்து ஒருமுறை உறுதி செய்துகொள்கிறதா என்று கூர்ந்து பாருங்கள்.